வேலை கொடுப்பவர் கையில் குடியுரிமையா?

கொடைக்கானல் மலையில் வாட்டில் மரத்துப் பட்டை உரித்துப் பிழைத்த குடும்பங்கள் பல, இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவை. அவர்களில் பலர் பிறந்ததே இலங்கையில்தான். பிறகு ஏன் வந்தார்கள்?

1948-இல் இலங்கை அரசு ஒரு சட்டம் போட்டது. தோட்டத் தமிழரில் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். மறு ஆண்டு இன்னொரு சட்டம். கல்யாணமானவர் 7 ஆண்டு, ஆகாதவர் 10 ஆண்டு இலங்கையிலேயே வசித்ததாகக் காட்டினால் பிரஜா உரிமை கேட்கலாம்.

எப்படிக் காட்டுவது? எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரி பத்திரத்துக்கு எங்கே போவாள்? அவள் பெயர் இருந்த இடம் தோட்டத்துச் செக்ரோல். அந்த ஏடு இருந்ததோ துரையின் ஆபீசில்! சம்பளத்துக்காகத் துரையோடு சண்டை போட்டவள், மறுநாள் அதே துரையிடம் போய்ச் சீட்டுக் கேட்க முடியுமா?

சுமார் 8 லட்சம் பேர் உரிமை கேட்டார்கள். கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு.

1964 அக்டோபர் 30-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். அந்த ஏழைகளை யார் கேட்டார்கள்? தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் தங்கி, சிலர் பழனி மலைக்கு வந்தார்கள். இங்கே துரை இல்லை; காட்டுக் குத்தகைக்காரர் இருந்தார். அவர் கொடுத்த முன்பணம் சிலரைக் காட்டிலேயே கட்டிப் போட்டது.

பழைய கதை என்று தள்ள வேண்டாம். கம்ப்யூட்டர் படித்து அமெரிக்கா போகும் நம் பிள்ளைக்கும், அங்கே நிரந்தரமாகத் தங்கப் பெரும்பாலும் கம்பெனிதான் மனுப் போட வேண்டும். ஒரு நாட்டாருக்கு 7 சதவீதம் என்று வரம்பு இருப்பதால் இந்தியர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். இடையில் வேலை போனால், பெரும்பாலோர் 60 நாளில் வேறு கம்பெனி தேட வேண்டும். சம்பளம் பெரிதுதான். பயம் மட்டும் அந்தக் கூலிக்காரியின் பயமே!

முதலாளி சாட்சி சொல்லட்டும். அது நியாயம். ஆனால் இத்தனை ஆண்டு உழைத்தவர், வரி கட்டியவர் தாமே மனுப் போட வழி வேண்டும்.

இலங்கையிலேயே பிற்பாடு அந்த வழி பிறந்தது. 1964 அக்டோபர் 30 முதல் அங்கேயே வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் சந்ததிக்கும் உரிமை என்று 2003-இல் சட்டம் செய்தார்கள். அதற்குள் கொடைக்கானல் வந்தவர்களுக்குப் பேரன் பேத்தி பிறந்துவிட்டார்கள்.