நாட்டிய உடைக்கு வயது என்ன?

பரதநாட்டிய உடை ஈராயிரம் ஆண்டுப் பழமையாம்! மேடைதோறும் முழக்கம். அக்காள்மடத்து மீனவத் தோழர் பள்ளி விழாவில் ஆடும் மகளுக்கு வாடகைக்கு எடுத்துவரும் அந்த விசிறி மடிப்பு உடைக்கு நூறு வயதுகூட ஆகவில்லை என்கிறோம் நாம்!

சதிர் ஆடிய பெண்கள் பைஜாமாவின்மேல் சேலையைச் சுற்றிக் கட்டித்தான் ஆடினார்கள். 1935-இல் அடையாற்றில் மேடையேறிய ருக்மிணி தேவி, உருசிய பாலே நடனமணி அன்னா பாவ்லோவாவிடம் பழகியவர். வெட்டித் தைத்த புது உடைக்கு அவருக்குத் துணைநின்றவர் மேடம் காசான் என்ற இத்தாலியத் தையற்காரர். அது குற்றமா? இல்லவே இல்லை. அதற்குத் தொன்மை முலாம் பூசுவதுதான் புரட்டு!

பாரிசிலும் உடை மாறிக்கொண்டேதான் வந்தது. 1832-இல் மேரி தக்லியோனி மெல்லிய வெள்ளைப் பாவாடையில் ஆடினார். பின்னர் அது முழங்காலுக்கு மேலேறி 'டூட்டூ' ஆயிற்று. அந்த மெல்லிய துணிக்கு உயிரையே விலையாகக் கொடுத்தவரும் உண்டு. 1862-இல் ஒத்திகையின்போது எம்மா லிவ்ரியின் பாவாடையில் வாயு விளக்கின் தீ பற்றியது. எட்டு மாதம் துடித்து மாண்டாள். தீப்பற்றாத துணி அன்றே இருந்தது. அழகு கெடுமென்று ஒதுக்கினார்கள், அவளும்தான்!

வாடகை கொடுக்க வழியில்லாத வீட்டுப் பெண் மேடையேறக் கூடாதா? பாலசரசுவதி கடைசிவரை சேலை சுற்றியே ஆடினார். அக்காள்மடத்துச் சிறுமியும் தாயின் சேலையை இறுக்கிக் கட்டி ஆடட்டும். மரபு மீறல் என்பவர் எவரோ, அவர் முன்வந்து சொல்லட்டும்!