அறிந்துகொள்வோம்: நினைவு அட்டை பழுதானால்

சிறு விமானங்களில் வழிகாட்டும் கருவிகள் பலவற்றுள் தபால் தலையளவே ஆன நினைவு அட்டை ஒன்று பொருத்தப்பெற்றிருக்கும். விமான நிலையங்கள், ஓடுதளங்கள், வான்வழிகள், வானொலி அலைவரிசைகள் ஆகியவற்றின் விவரங்கள் அதில் அடங்கும். உலகெங்கும் இவ்விவரங்களுக்கு 28 நாட்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வருகிறது. ரயில்வே அலுவலில் உள்ள எமக்கு இது வியப்பன்று. காலங்கடந்த அட்டவணையைக் கொண்டு வண்டியை நடத்த இயலுமோ?

அட்டை பழுதானால் விமானம் திக்கற்றுப் போய்விடாது. செயற்கைக்கோள்களின் துணையால் தான் இருக்குமிடத்தைக் கருவி அப்பொழுதும் கணிக்கும். ஆனால், அருகிலிருப்பது நம் மண்டகள்ளி விமான நிலையம் என்பதை அது அறியாது. ஆகவேதான் விமானிகள் வரைபடத்தையும் திசைகாட்டியையும் கைவிடுவதில்லை. தரையிறங்கியபின் வேறோர் அட்டையில் விவரங்களை ஏற்றிக்கொள்கின்றனர்.

விமானி இழந்தது மீண்டும் கிடைத்துவிடும். ஹெப்பாளில் வாழும் நம் இல்லங்களில், ஊரிலுள்ள பெற்றோரின் குரலும் திருமணப் படங்களும் ஒரே அட்டையில் கிடக்கின்றனவே, அவை கிடைக்குமோ?

இவ்வட்டைகள் செய்தியை மிக நுண்ணிய மின்னூட்டமாகவே காக்கின்றன. பன்முறை எழுதி அழித்தால் தேயும். நெடுநாள் பயனின்றிக் கிடந்தால் மின்னூட்டம் கசியவும் கூடும். பிழை தோன்றியதும் புதிதாக எதையும் அதில் பதியாதீர்கள். ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கைப்பேசி வினவினால் இசையாதீர்கள். கிடைத்தவற்றை உடனே வேறிடத்தில் படியெடுங்கள்.

அட்டை நலமாக இருக்கும்போதே இரு படிகள் எடுத்து, ஒன்றை ஊரிலுள்ள உறவினரிடம் ஒப்படைப்பது நன்று.