உதிரி லித்தியம் செல் வியாபாரம் நமக்கு வேண்டாம்

மளிகைக் கடைக்கும் லித்தியம் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற காலம் போய்விட்டது. சார்ஜ் டார்ச், எமர்ஜென்சி விளக்கு, கொசு பேட், கையில் பிடிக்கும் விசிறி என்று நம் கடைகளின் மேல் வரிசையில் இன்று இவைதான் தொங்குகின்றன. பருப்பிலும் எண்ணெயிலும் கிடைக்காத லாபம் இவற்றில் கிடைப்பதால் நாமும் வாங்கி அடுக்குகிறோம். அதில் தவறு இல்லை. ஆனால் இவற்றோடு கூடவே இன்னொரு சரக்கும் வந்து நம் கல்லாவுக்கு அருகில் உட்கார்ந்துகொண்டது. அட்டைப் பெட்டியில் உதிரியாக வரும் லித்தியம் செல். நீலம், பச்சை, ஊதா என்று பல நிறங்களில் வருகிறதே, அதைப் பற்றித்தான் வணிக நண்பர்களோடு பேச விரும்புகிறோம்.

எழுதக் காரணம், நம் கடையிலேயே நடந்த சம்பவம். கிராமத்துச் சில்லறைக் கடைக்காரர் ஒருவர், ஓடவில்லை என்று எட்டு செல்களைத் திருப்பிக் கொண்டு வந்தார். பில் போடும் நேரம், கூட்டம். கடைப் பையன் அவற்றை வாங்கி, சில்லறைக் காசு போட்டு வைக்கும் இழுப்பறையில் போட்டுவிட்டான். மதியம் சாப்பாட்டு நேரத்தில் இழுப்பறையிலிருந்து புகை வந்தது. என்னவென்று பார்க்க அவன் இழுத்தான். சீறிக்கொண்டு தீ கிளம்பியது. கணக்குப்பிள்ளை சாக்கைச் சுற்றிக்கொண்டு இழுப்பறையை அப்படியே பிடுங்கி வீதியில் எறிந்தார். அதற்கு நான்கடி தள்ளித்தான் கற்பூரமும் தீப்பெட்டி பண்டல்களும் அடுக்கியிருந்தோம். எரிந்தது பில் புத்தகமும் கொஞ்சம் ரூபாய் நோட்டும்தான். ஆனால் பையனின் வலது உள்ளங்கை வெந்துபோயிற்று. மறுநாள் அவனுடைய அம்மா வந்தார். நம்மிடம் ஒன்றும் கேட்கவில்லை. மகன் கையைப் பார்த்தார், அழைத்துக்கொண்டு போய்விட்டார். நாற்பது வருட வியாபாரத்தில் எத்தனையோ நஷ்டம் பார்த்திருக்கிறோம். அன்று போலத் தலை குனிந்ததில்லை. ஏனென்றால் அந்தச் சரக்கு நாமே பில் இல்லாமல், விலை குறைவு என்று ஆசைப்பட்டு வாங்கி விநியோகித்தது.

ஏன் தீப்பிடித்தது என்பதைப் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டோம். நம் அப்பா காலத்திலிருந்து விற்கிற டார்ச் செல் 1.5 வோல்ட். உள்ளே இருப்பது தண்ணீர் கலந்த பசை. கெட்டுப்போனால் கசியும், டார்ச்சை அரிக்கும், அவ்வளவுதான். லித்தியம் செல்லின் சங்கதி வேறு. முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். உள்ளே இருக்கும் திரவம் எளிதில் பற்றக்கூடியது. நுனியில் இருக்கும் சிறு பொத்தான்தான் பாசிட்டிவ். அதைச் சுற்றியுள்ள விளிம்பிலிருந்து அடி வரை உடம்பு முழுவதுமே நெகட்டிவ். இரண்டையும் பிரித்து வைத்திருப்பது மேலே ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் ரேப்பரும் ஒரு சிறு வளையமும்தான். ரேப்பர் கிழிந்த செல்லோடு ஒரு ஐந்து ரூபாய்க் காசோ சாவியோ குறுக்கே பட்டால் போதும், மின்சாரம் தாறுமாறாகப் பாயும், சூடு ஏறும். ஒரு செல்லில் கிளம்பிய சூடு பக்கத்துச் செல்லையும் பற்றவைக்கும். ஓடவில்லை என்று திரும்பி வந்த செல்லிலும் இதற்குப் போதுமான சக்தி மிச்சம் இருக்கும் என்பதை அன்று கண்ணால் பார்த்தோம்.

இந்தச் செல்லுக்கு 18650 என்று பெயர். அது விலையும் இல்லை, சக்தியும் இல்லை, வெறும் அளவு: 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், கடைசிப் பூஜ்யம் உருளை வடிவம் என்பதைக் குறிக்கும். இதேபோல 14500 என்று ஒன்று வருகிறது. கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் போடுகிற பென்சில் செல்லும் அதுவும் பார்வைக்கு ஒன்றே. ஆனால் 1.5 வோல்ட் போட வேண்டிய இடத்தில் 3.7 வோல்ட் போகும். இரண்டையும் ஒரே டப்பாவில் கலந்து வைத்திருக்கிற கடைகளைப் பார்த்திருக்கிறோம். தயவுசெய்து இன்றே பிரித்து வையுங்கள்.

அடுத்தது ரேப்பரில் எழுதியிருக்கும் எண். 6800 என்கிறார்கள், 9900 என்கிறார்கள். சில்லறைக் கடைக்காரரும் எண் பெரிதாக இருந்தால் நல்ல சரக்கு என்று எடுத்துக்கொள்கிறார். உண்மை என்ன? உலகத்தில் பேர்பெற்ற கம்பெனிகள் இந்த அளவில் செய்கிற செல்கள் பல வருடங்களாக 3500 மில்லி ஆம்பியர் மணி வரைதான் எட்டின. இப்போது வரும் ஒன்றிரண்டு அதைச் சற்றுத் தாண்டுகின்றன. அந்த அளவு உருளைக்குள் 9900 அடைக்க இன்று யாராலும் முடியாது. ஒரு லிட்டர் டின்னில் மூன்று லிட்டர் எண்ணெய் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நாம் வாங்குவோமா?

நம்மிடம்தான் தராசு இருக்கிறதே. நல்ல 18650 செல் ஒன்று 45 கிராமுக்கு முன்பின் நிற்கும். நம்மிடம் மிஞ்சியிருந்த "9900" செல்லைத் தராசில் வைத்தோம், 31 கிராம். இந்தச் சரக்கில் உள்ளே சிறிய செல்லை வைத்து மிச்ச இடத்தை மணலால் நிரப்பியதும் உண்டாம். இன்னொரு வகை, பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்தெடுத்து, சோர்ந்துபோன செல்லுக்குப் புது ரேப்பர் மாட்டி அனுப்புவது. அது எடை சரியாக நிற்கும். உள்ளே உயிர் இருக்காது. ஆகையால் தராசு மட்டும் போதாது. எடை குறைந்தால் கண்டிப்பாகப் போலி, எடை சரியாக இருந்தால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். சில மாதங்களாகச் சில இளைஞர்கள் கடைகளில் வந்து, "அண்ணே, ஹை டிரெயின் செல் இருக்கா?" என்று கேட்கிறார்கள். எதற்கு என்று விசாரித்தால் மின் சிகரெட்டுக்கு. அந்தக் கருவியை நம் நாட்டில் 2019 செப்டம்பரில் அவசரச் சட்டத்தாலும், அதே வருட டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டத்தாலும் தடை செய்துவிட்டார்கள். விற்றால் முதல் முறைக்கு ஒரு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். சரக்கு இருப்பு வைப்பதும் குற்றமே. கருவியை நாம் யாரும் விற்கவில்லை. ஆனால் அதற்கென்று கேட்டு வருபவருக்குச் செல் கொடுப்பது சரியா என்பதுதான் கேள்வி. கூடாது என்பது நம் அபிப்பிராயம். சட்டத்தைத் தள்ளிவைத்து, சரக்கின் தன்மையை மட்டும் பார்த்தாலும் கூடாது.

"உள்ளே சிப் இருக்கு, அதுவே எல்லாத்தையும் கட்டுப்படுத்தும், ஒண்ணும் ஆகாது" என்று ஒரு பையன் நமக்கே பாடம் எடுத்தான். சிப் என்ன செய்கிறது தெரியுமா? 80 வாட் என்று வைத்தால் கடைசி வரை 80 வாட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். செல் நிறைந்து 4.2 வோல்ட் இருக்கும்போது அதற்கு 19 ஆம்பியர் போதும். இறங்கி 3.2 வோல்ட் வந்ததும் அதே 80 வாட்டுக்கு 25 ஆம்பியர் இழுக்கும். அதாவது செல் களைக்கக் களைக்கச் சுமை கூடுகிறது. நல்ல கம்பெனி செல்லிலேயே 2500 கொள்ளளவு உள்ளது தொடர்ந்து 20 ஆம்பியர் கொடுக்கும். 3500 உள்ளது 8 அல்லது 10 தான் கொடுக்கும். பெரிய டின்னுக்குச் சின்னக் குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது தெரியாமல் பெரிய எண்ணைக் கேட்டு வாங்குகிறான். நாமும் தெரியாமல், போலி ரேப்பர் செல்லை எடுத்துக் கொடுக்கிறோம். அவனோ மிச்சச் செல்லைச் சாவியோடு கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறான். பையில் கிடக்கிற செல்லுக்கு எந்தச் சிப் காவல்?

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரை அந்த நாட்டில் செய்தியில் வந்த மின் சிகரெட் தீ விபத்துகளைத் தொகுத்தபோது 195 கணக்கானது. அதில் 61, கருவியோ மிச்சச் செல்லோ சட்டைப் பையிலோ கால்சட்டைப் பையிலோ இருக்கும்போது நடந்தவை. 2021 ஜனவரியில் அங்குள்ள நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், உதிரி 18650 செல்லை வாங்கவும் வேண்டாம், உபயோகிக்கவும் வேண்டாம் என்றே மக்களை எச்சரித்தது. பேட்டரி பேக்கில் பாதுகாப்புச் சர்க்யூட்டோடு சேர்த்துக் கட்டுவதற்காகத்தான் தொழிற்சாலைகள் இதைச் செய்கின்றன. தனியாகக் கையில் கொடுப்பதற்கு அல்ல.

சட்டம் நம் பக்கம் எப்படி இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கையடக்கக் கருவிகளுக்கான லித்தியம் செல், பேட்டரிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு உண்டு. ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும், "ஆர்" என்ற எழுத்தோடு எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் தட்டினால் எந்தத் தொழிற்சாலை, எந்தச் சரக்கு என்று வந்துவிடும். நமக்கு செல்போன் சரியாகப் பார்க்கத் தெரியாது; பேரன் இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொன்னான். நம் ரேப்பரில் அச்சிட்டிருந்த எண்ணுக்குப் பதிவே இல்லை.

அதைவிட முக்கியம், 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். உற்பத்தியாளர் யார் என்று தெரியாத பொருளை விற்று, அதனால் வாங்கியவருக்குத் தீங்கு வந்தால், நஷ்ட ஈட்டுப் பொறுப்பு விற்றவர் தலையில் விழும் என்கிறது அதன் 86-வது பிரிவு. பில் இருந்தால் கம்பெனியைக் காட்டலாம். பில் இல்லாவிட்டால் யாரைக் காட்டுவோம்? ஒரு செல்லுக்குப் பதினைந்து ரூபாய் லாபம் பார்த்தவர் கடையையே விற்க வேண்டிவரும்.

"நீங்கள் விற்காவிட்டால் எதிர்க்கடையில் விற்பான்" என்று நம்மிடம் சொன்ன சில்லறை வியாபாரி ஒருவர் இப்போது நம்மிடம் சரக்கு எடுப்பதில்லை. இருபது வருட வாடிக்கை. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை; கிராமத்தில் சார்ஜ் டார்ச் செல் போய்விட்டால் ஜனங்கள் எங்கே போவார்கள்? அதற்கு நாம் கண்டிருக்கிற வழி இதுதான். செல் உள்ளேயே பொருத்தி மூடி வரும் டார்ச்சும் விளக்கும் பதிவு எண்ணும் பில்லும் பார்த்துத்தான் வாங்குகிறோம். மாற்றுச் செல் கேட்டால் டார்ச் கம்பெனி பெயரிலேயே, பாதுகாப்புச் சர்க்யூட் வைத்து, பெட்டியில் தனித்தனியாக வருவதை மட்டும் கொடுக்கிறோம். விலை இரண்டு மடங்கு ஆகிறது, ஓட்டம் குறைவுதான். இரண்டு செல் போடுகிற டார்ச்சுக்கு இரண்டையும் ஒரே கம்பெனி, ஒரே நாளில் வாங்கியதாகப் போடச் சொல்கிறோம். பழையதும் புதியதும் கலந்தால் பலவீனமானது அளவுக்கு மீறி இறங்கிக் கெட்டுப்போகும். ரேப்பரில் நகக்கீறல் இருந்தாலும் எடுத்துத் தனியே வைத்துவிடுகிறோம். திரும்பி வருகிற செல்லை வாங்கினவுடன் இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, வெளியே மண் தொட்டியில் வைப்பது இப்போது கடையில் சட்டம். கையில் தழும்போடு வேலைக்குத் திரும்பி வந்த அந்தப் பையன்தான் அதற்குப் பொறுப்பு. மறந்தால் நம்மையே கண்டிக்கிறான்.

மிச்சமிருந்த 140 செல்களையும் சப்ளையர் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். பில் கேட்டதற்கு, "இத்தனை வருஷப் பழக்கத்தில் பில் எதற்கு?" என்றார். நஷ்டக் கணக்கில் எழுதி, மின்னணுக் கழிவு எடுக்கிறவர்களிடம் கொடுத்துவிட்டோம். சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவர இருக்கிறோம்: பதிவு எண்ணும் ஜி.எஸ்.டி. பில்லும் இல்லாத பேட்டரிச் சரக்கை உறுப்பினர் யாரும் இறக்குவதில்லை என்று. முன்மொழிய நாம் இருக்கிறோம். வழிமொழிய ஒருவர் தேவை.