கரித்துண்டும் நெல்மணியும்

தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில், முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அதே சிவகளையின் கரித்துண்டோ நம் இரும்பைக் கி.மு. 3345க்குக் கொண்டுபோகிறது என்று 2025 சனவரியில் தமிழக அரசு நூல் வெளியிட்டது. இடைவெளி 2,190 ஆண்டுகள்!

கணக்கே புரட்டு என்று மாற்றார் கைகொட்டினால் நம் பேச்சாளர் என்ன சொல்வார்?

செத்த பொருளில் கரிமம்-14 குறைந்துகொண்டே போகும். மிச்சத்தை அளந்து வயது சொல்கிறார்கள். நெல் ஓராண்டுப் பயிர். அறுத்த ஆண்டே அதன் வயது. மரம் அப்படியா? முந்நூறு ஆண்டு நின்ற மரத்தின் வயிரம் எரிந்தால், அந்தக் கரி நெருப்பின் வயதைச் சொல்லாது. வயிரத்தின் வயதைச் சொல்லும். இரண்டாயிரம் ஆண்டு வேற்றுமைக்கு அது மட்டும் போதாது. தாழிகளே வெவ்வேறு காலத்தவையாக இருக்கலாம். பழங்கரி மண்ணோடு கலந்து உள்ளே வந்திருக்கலாம்.

கூட்டி இரண்டால் வகுத்தால் கி.மு. 2250. அந்த ஆண்டை எந்தக் கரியும் சொல்லவில்லை, எந்த நெல்லும் சொல்லவில்லை! ஆலை முதலாளியின் இலாபத்தையும் தொழிலாளியின் கூலியையும் சேர்த்துச் சராசரி போட்டு, எல்லோரும் வளமாக வாழ்கிறார்கள் என்று காட்டுகிற கணக்கு இது.

ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் பிராங்க் ராம்சே 2009இல் எழுதிய முறை வேறு. எந்த அளவும் பிழைபட்டிருக்கலாம்; அதற்கு நூற்றுக்கு ஐந்து என்பதுபோல் ஒரு வாய்ப்பை முன்னதாகவே வைத்துவிடுகிறார்கள். மற்றவற்றோடு ஒட்டாத அளவைத் தூக்கி எறிவதில்லை. அதன் சாட்சியத்துக்கு எடை குறைகிறது. கரிக்குத் தனி விதி: உண்மையான காலத்துக்கு முந்திய காலத்தையே அது காட்டக்கூடும் என்று கொண்டு கணக்கிடுகிறார்கள். முடிவைப் பார்த்த பிறகு விதி வகுப்பதில்லை என்பதுதான் இதில் முக்கியம்.

கீழடியின் 982 பக்க அறிக்கையைத் திருத்தச் சொல்லி 2025இல் டெல்லி திருப்பி அனுப்பியபோது பொங்கினோம். பொங்கியது சரி. பிடித்த எண்ணுக்கு மாலை, பிடிக்காத எண்ணுக்குக் கத்தரி என்பது டெல்லிக்குத் தகாது என்றால் நம் மேடைக்கு மட்டும் தகுமா?

இரும்பு நூலுக்காக மாதிரிகளை ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பினார்கள், பாராட்டுகிறோம். ஆனால் கூடம் எத்தனை மாறினாலும் கரி கரிதான். இனித் தோண்டும் தாழிகளில் நெல்லைத் தேடட்டும். வருகிற அளவுகள் அத்தனையையும், ஒட்டாதவை உட்பட, பிழை எல்லையோடு தமிழில் அச்சிடட்டும். அதுவரை, 3345 என்று முழங்கும் தோழர் 1155ஐயும் சேர்த்தே சொல்லட்டும்.