எழுவாய் இல்லாத ‘ஹை அவைலபிலிட்டி’

‘ஹை அவைலபிலிட்டி’ என்பது எழுவாய் தொக்கி நிற்கும் தொடர். எப்போதும் கிடைக்கும் என்கிறது. எது கிடைக்கும் என்பதைச் சொல்வதில்லை. ஆய்வுக் கிளஸ்டருக்கான ஒப்பந்தப்புள்ளியில் அதை எழுதிவிடுவது எளிது. இரண்டு தலைமைக் கணினிகள், இரட்டை மின்வழங்கிகள் எல்லாம் வாங்கிய பின்னும், அத்தனை ஆய்வாளர்களின் கோப்புகளும் ஒரே ஒரு என்எஃப்எஸ் சர்வரில் இருந்தால், அது விழும்போது யாவும் விழும்.

விழுந்த பிறகு செய்யப்படும் வைத்தியம்தான் கொடிது. லினக்ஸில் என்எஃப்எஸ் இயல்பாக ‘ஹார்ட்’ முறையில் இணைக்கப்படுகிறது. சர்வர் மீளும்வரை கிளையன்ட் கேட்டுக்கொண்டே இருக்கும். நிரல்கள் உறைந்து நிற்கும். மாணவர்கள் முறையிடுவர், துறைத்தலைவர் கடிதம் எழுதுவார், யாரோ ஒருவர் அதைச் ‘சாஃப்ட்’ என்று மாற்றிவிடுவார். முறையீடு ஓயும். இனிமேல் கிளையன்ட் சில முயற்சிகளுக்குப் பின் கைவிட்டு, நிரலிடம் ஒரு பிழைக்குறியைத் தந்துவிடும். அக்குறியை ஒழுங்காகச் சோதிக்கும் நிரல்கள் எத்தனை? சோதிக்காமல் மேலே செல்லும் நிரலால், மாதக்கணக்கில் குறியிட்ட பேச்சுத்தரவின் நடுவே ஒரு துண்டு காணாமற்போகலாம். என்எஃப்எஸ் கையேடே இந்த ஆபத்தை வெளிப்படையாக எச்சரிக்கிறது. தேங்கிய பணி மீண்டும் ஓடும். ஓசையின்றிக் கெட்ட தரவிலிருந்து பிறந்த அட்டவணையை ஆய்வேட்டிலிருந்து எப்படிப் பிரித்தெடுப்பது? சர்வர் பக்கத்தில் இதற்கோர் உடன்பிறப்பும் உண்டு: வட்டில் பதியுமுன்பே ‘பதிந்தாயிற்று’ என்று சொல்லிவிடும் ‘அசிங்க்’. ஒலிப்பில் அது தமிழ்ச் சொல் ஒன்றை நினைவூட்டுவது தற்செயல்தான், ஆனால் பொருத்தமானது.

உரிய மருந்து வேறு. இரு சர்வர்கள், டிஆர்பிடி வழியே நகலாகும் வட்டு அல்லது பொதுச் சேமிப்பகம், சேவையோடு இடம் மாறும் ஐபி முகவரி, இவற்றை ஆளும் பேஸ்மேக்கர். பூட்டுகளின் நினைவும் உடன் நகர வேண்டும். என்எஃப்எஸ் 4-இல், மீண்டெழுந்த லினக்ஸ் சர்வர் இயல்பாக 90 விநாடிகள் புதிய பூட்டு எதையும் தராமல், பழைய கிளையன்ட்கள் தத்தம் பூட்டுகளை மீட்டுக்கொள்ளக் காத்திருக்கிறது. பழையவர் யாரென்ற பட்டியல் வந்துசேராவிட்டால் அக்காத்திருப்பு வீண். ஆக, செம்மையாக அமைந்த கிளஸ்டரிலும் ஓரிரு நிமிடத் தேக்கம் இருக்கவே செய்யும். ஹார்ட் முறை இருப்பதே அதைத் தாங்குவதற்குத்தான்.

மிகவும் புறக்கணிக்கப்படுவது ஃபென்சிங். இரு முனைகளுக்கிடையே தொடர்பு அறுந்தால், இரண்டுமே மற்றது செத்துவிட்டதாக முடிவுகட்டலாம். பொதுச் சேமிப்பகத்தில் உள்ள ஒரே எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையை இரண்டும் ஏற்றினால் அது சிதையும். ஐயம் எழுந்தவுடன் எதிர்முனையின் மின்சாரத்தைத் துண்டிப்பதே காப்பு. அந்த ‘ஸ்டோனித்’ ஏற்பாடு இல்லாதவரை பேஸ்மேக்கர் சேவைகளைத் தொடங்க மறுக்கும். ஏன் மறுக்கிறது என்று கேளாமல், அந்நிபந்தனையை ஒரே வரியில் அணைத்துவிட்டு ‘கிளஸ்டர் தயார்’ என்று கையொப்பமிடுகிறார்கள்.

ஒப்படைப்பு நாளில் பேராசிரியர்களும் மாணவர்களும் கேட்க வேண்டியது சான்றிதழ் அன்று. பெரிய கோப்பொன்று எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போதே, இயங்கும் சர்வரின் மின்கம்பியைப் பிடுங்கச் சொல்ல வேண்டும். எழுதி முடிந்ததும் அதன் செக்சம் மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு உடன்படாத ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணையை விடுவிக்கக் கூடாது.