கிறிஸ்துமஸ் தாத்தாவின் ஊருக்குப் போவோமா?

கிறிஸ்துமஸ் டிசம்பர் மாதம் வரும். இது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால், ஜூலை மாதத்திலும் கிறிஸ்துமஸ் நடக்கும் இடங்கள் அமெரிக்காவில் இருக்கின்றன!

வெளியே கோடை வெயில் அடிக்கிறது. உள்ளே, சிவப்புச் சட்டை போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா உட்கார்ந்திருக்கிறார். வெள்ளைத் தாடி, பெரிய தொந்தி. குழந்தைகள் வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொருவராகப் போய், தனக்கு என்ன வேண்டும் என்று அவர் காதில் சொல்கிறார்கள்.

இவைதான் கிறிஸ்துமஸ் பூங்காக்கள். இவற்றில் சில 70 வயதைத் தாண்டியவை. குழந்தையாக இங்கே வந்தவர்கள், இன்று பேரன் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

வானத்தைத் தொடும் ராட்டினங்கள் வந்துவிட்ட இந்தக் காலத்தில், இந்தப் பழைய பூங்காக்கள் தேவையா?

தேவை என்பதே நமது கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

தாத்தா இல்லாத ஊர்

அமெரிக்காவில் இந்தியானா என்று ஒரு மாநிலம். அங்கே ஒரு சிற்றூர். அதன் பெயரே "சாண்டா கிளாஸ்". கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது.

1856-ம் ஆண்டில் அந்த ஊருக்குத் தபால் ஆபீஸ் வந்தது. அன்று முதல் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. குழந்தைகள் விடுவார்களா? "சாண்டா கிளாஸ்" என்று முகவரி எழுதி, கடிதம் போட ஆரம்பித்தார்கள்.

அந்தக் கடிதங்களைத் தபால் அதிகாரி குப்பையில் போடவில்லை. 1914-ம் ஆண்டு வாக்கில் பதில் எழுதத் தொடங்கினார். அந்த வழக்கம் இன்றும் நடக்கிறது. ஊர் மக்கள் கூலி வாங்காமல் உட்கார்ந்து, ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குப் பதில் எழுதுகிறார்கள்.

1935-ம் ஆண்டு அந்த ஊரில் 22 அடி உயரத்தில் தாத்தாவின் சிலையையும் வைத்தார்கள்.

அந்த ஊருக்கு ஒரு பெரியவர் வந்தார். அவர் பெயர் லூயிஸ் குக். எவன்ஸ்வில் நகரத்துத் தொழில் அதிபர். ஒன்பது குழந்தைகளுக்குத் தந்தை! குழந்தையின் மனம் அவருக்குத் தெரியாதா?

"தாத்தாவைப் பார்க்க ஆசையோடு வரும் குழந்தைகள், இங்கே தாத்தா இல்லை என்று கண்டால் ஏமாந்து போவார்களே!" என்று அவர் வருந்தினார். சிலை பேசுமா? கை கொடுக்குமா?

பூங்கா கட்டத் திட்டம் போட்டார். உலகப் போர் குறுக்கே வந்தது. போர் முடிந்த பிறகு, 1946-ம் ஆண்டு ஆகஸ்டு 3-ந் தேதி "சாண்டா கிளாஸ் லேண்டு" திறக்கப்பட்டது. உள்ளே தாத்தா இருந்தார். பொம்மைக் கடை இருந்தது. குட்டி ரெயில் ஓடியது.

உள்ளே போகக் கட்டணம் கிடையாது! 1955-ம் ஆண்டில்தான் முதன் முதலாகக் கட்டணம் வைத்தார்கள். பெரியவர்களுக்கு அரை டாலர். குழந்தைகளுக்கு அப்போதும் இலவசம்.

மகளுக்குச் சொன்ன கதை

இன்னொரு பூங்கா ஒரு கதையில் பிறந்தது.

நியூயார்க் மாநிலத்தில் மலைகள் சூழ்ந்த ஊர் லேக் பிளாசிடு. அங்கே ஜூலியன் ரீஸ் என்ற வியாபாரி இருந்தார். அவர் தம் மகளுக்கு ஒரு கதை சொன்னார். காட்டில் வழி தவறிய ஒரு கரடிக்குட்டி, கிறிஸ்துமஸ் தாத்தாவின் பட்டறையைக் கண்டுபிடித்த கதை.

கதை முடிந்தது. ஆனால், மகள் விடவில்லை. அந்தப் பட்டறையைத் தானும் பார்க்க வேண்டும் என்றாள்.

எத்தனை தந்தைமார் "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிப் படுத்துவிடுவார்கள்! ரீஸ் அப்படி விடவில்லை. ஆர்ட்டோ மொனாக்கோ என்ற ஓவியரைப் பிடித்தார். கதையில் வருவது போன்ற வீடுகளை வரையச் சொன்னார். 1949-ம் ஆண்டு ஜூலை மாதம் பூங்கா திறந்தது.

அந்த இடத்துக்கு "வட துருவம்" என்றே பெயர். நடுவில் ஒரு கம்பம். கோடையிலும் அதன் மேல் பனி படிந்திருக்கும். குளிர்பதன இயந்திரம் செய்யும் வேலை அது. வெயிலில் வந்த குழந்தை அதைத் தொட்டதும் "ஜில்" என்று கையை இழுத்துக்கொள்ளும்!

புகழ் பெற்ற டிஸ்னிலாந்து 1955-ம் ஆண்டில்தான் வந்தது. இந்தக் கரடிக்குட்டிப் பூங்கா அதற்கு ஆறு ஆண்டுகள் மூத்தது.

எழுத்தைத் தேடி ஓட்டம்

மூன்றாவது பூங்கா நியூஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஜெபர்சன் என்ற ஊரில் உள்ளது. 1953-ம் ஆண்டில் நார்மண்ட் டுபோய், செசில் டுபோய் என்ற தம்பதிகள் தொடங்கியது. இன்றும் அந்தக் குடும்பத்தார் கையில்தான் இருக்கிறது.

இங்கே ஒரு விளையாட்டு உண்டு. தாத்தாவின் வேலைக்காரர்களான குள்ள மனிதர்களின் உருவங்களைப் பூங்கா முழுவதும் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. ஆங்கிலத்தின் 26 எழுத்துக்களுக்கும் 26 உருவங்கள். குழந்தை கையில் ஓர் அட்டையை வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப் பிடித்து அடையாளம் போட்டுக்கொள்ள வேண்டும்.

எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். எழுத்தைப் பார்த்துப் பயப்படும் குழந்தைகூட, எழுத்தைத் தேடி ஓடுகிறது! அப்பாவும் அம்மாவும் கூடவே ஓடுகிறார்கள்.

மூடிய கதவுகள்

எல்லாப் பூங்காக்களும் இப்படித் தழைக்கவில்லை.

கிளென் ஹாலண்டு என்பவர் மூன்று கிறிஸ்துமஸ் கிராமங்களை அமைத்தார். முதல் கிராமம் கலிபோர்னியாவின் மலை மேல், 1955-ம் ஆண்டு மே மாதம் திறந்தது. அதே மாநிலத்தில் இரண்டாவது கிராமம் 1957-ல். இல்லினாய்ஸ் மாநிலத்தில் மூன்றாவது கிராமம் 1959-ல்.

இரண்டாவது கிராமம் 1979-ல் மூடப்பட்டது. முதல் கிராமம் 1998-ல் மூடப்பட்டது. மூன்றாவது 2006-ல் மூடப்பட்டது. முதலும் மூன்றும் பிறகு வேறு உரிமையாளர்களால் திறக்கப்பட்டன. இரண்டாவது கிராமம் திரும்பி வரவே இல்லை.

ஓவியர் மொனாக்கோ தாமே ஒரு குழந்தைகள் பூங்கா நடத்தினார். பக்கத்து ஆறு திரும்பத் திரும்பப் பெருக்கெடுத்தது. 1979-ல் அதுவும் மூடப்பட்டது.

சிறிய பூங்காவின் கஷ்டம் இதுதான். கூட்டம் வருவது ஆண்டில் சில மாதங்கள். செலவோ பன்னிரண்டு மாதமும் உண்டு. வீடுகளுக்கு வர்ணம் அடிக்க வேண்டும். மான்களுக்குத் தீனி போட வேண்டும். பெரிய பூங்காக்களோ கோடி கோடியாகக் கொட்டிப் புதுப்புது ராட்டினங்களை வைக்கின்றன. பத்து வயதுப் பையன், "அது சின்னப் பிள்ளைகள் போகும் இடம்" என்று சொல்லிவிடுகிறான்.

வளரலாம், மறக்கக் கூடாது

அப்படியானால் பழைய பூங்கா பழையபடியே இருக்க வேண்டுமா? அப்படி நாம் சொல்லவில்லை.

குக் குடும்பத்தார் 1984-ம் ஆண்டில் தங்கள் பூங்காவை விரிவு செய்தார்கள். வேறு பண்டிகைகளையும் சேர்த்து, "ஹாலிடே வேர்ல்டு" என்று பெயர் மாற்றினார்கள். 1993-ல் நீர் விளையாட்டு வந்தது. 1995-ல் மரத்தால் ஆன பெரிய ஓட்டத் தடம் வந்தது. 2000-ம் ஆண்டு முதல், வந்தவர்களுக்குக் குளிர்பானம் இலவசமாகக் கொடுக்கிறார்கள்.

ஆனால், கிறிஸ்துமஸ் பகுதியை அவர்கள் இடித்துவிடவில்லை. தாத்தா இன்னும் அங்கே இருக்கிறார். இதுதான் சரியான வழி. மாடி கட்டலாம். அதற்காக அஸ்திவாரத்தைப் பெயர்க்கலாமா?

பெரிய ராட்டினத்தில் ஏற உயரம் பார்க்கிறார்கள். அண்ணன் ஏறுகிறான். தம்பி அழுகிறான். அம்மா தம்பியைச் சமாதானப்படுத்துகிறாள். அப்பா பைகளைக் காவல் காக்கிறார். பாட்டி நிழல் தேடுகிறாள். குடும்பம் ஐந்து இடத்தில் இருக்கிறது!

குட்டி ரெயிலில் அப்படி இல்லை. பாட்டி முதல் பேரன் வரை ஒரே பெட்டியில் உட்காரலாம். குடும்பம் ஒன்றாக இருக்கும் அந்த அரை மணி நேரம்தான் பழைய பூங்காக்கள் விற்கும் சரக்கு. அது வேறு எங்கே கிடைக்கிறது?

பெற்றோர்களுக்கு

இந்தப் பூங்காக்களுக்குப் போகும் பெற்றோர்களுக்குச் சில வார்த்தைகள்.

தாத்தாவைக் கண்டதும் சில குழந்தைகள் வீறிட்டு அழும். பெரிய தாடியும் முன்பின் தெரியாத முகமும் குழந்தைக்குப் பயம் தராதா? படம் எடுக்க வேண்டும் என்பதற்காக, அழும் குழந்தையைத் தாத்தாவின் மடியில் திணிக்காதீர்கள். தூரத்தில் நின்று கை ஆட்டினால் போதும். அடுத்த ஆண்டு அதுவே ஓடிப் போய் உட்காரும்.

வெளியே வரும் வழியில் பொம்மைக் கடை இருக்கும். அங்கே போய்ச் சண்டை போடுவதைவிட, வீட்டிலேயே பேசி முடிவு செய்யுங்கள். "ஆளுக்கு ஒரு பொம்மை. இவ்வளவுதான் பணம்" என்று முன்பே சொல்லிவிட்டால், குழந்தை புரிந்துகொள்ளும்.

செல்போனைச் சட்டைப்பைக்குள் போடுங்கள். நூறு படம் எடுப்பதைவிட, குழந்தையோடு பத்து நிமிடம் ஓடுவது மேல்.

"தாத்தா நிஜமா?" என்று ஒரு நாள் குழந்தை கேட்கும். அன்று மழுப்ப வேண்டாம். இன்று துருக்கி நாடாக இருக்கும் பகுதியில், மைரா என்ற நகரில், நான்காம் நூற்றாண்டில் நிக்கோலஸ் என்ற பாதிரியார் தலைவராக இருந்தார். ஏழைகளுக்கு யாருக்கும் தெரியாமல் உதவினார் என்று அவரைப் பற்றிக் கதைகள் உண்டு. அவர் நினைவிலிருந்து வந்தவர்தான் இந்தத் தாத்தா. இதைச் சொல்லுங்கள். பரிசு வாங்குவது மட்டும் அல்ல, கொடுப்பதும் கிறிஸ்துமஸ்தான் என்று குழந்தை தெரிந்துகொள்ளும்.

மகனோ மகளோ அமெரிக்காவில் இருப்பதால், கோடையில் அங்கே போகும் தாத்தா பாட்டிகள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளோடு போய் வர ஏற்ற இடம் இது. ஓடியாட முடியாத பாட்டிகூடக் குட்டி ரெயிலில் ஏறலாம். தன் சின்ன வயதுத் திருவிழாவைப் பேத்திக்குச் சொல்ல, இதைவிட நல்ல நேரம் வராது.

உரிமையாளர்களுக்கு

பூங்கா நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை.

செலவு ஏறிவிட்டது, உண்மைதான். இன்று எல்லோரையும் இலவசமாக விட முடியாது. ஆனால், ஒரு தொழிலாளி தன் மனைவி மக்களோடு வந்தால், அவருடைய பல நாள் கூலி ஒரே நாளில் போய்விடக் கூடாது. சின்னக் குழந்தைகளுக்குக் கட்டணம் வேண்டாம். ஆண்டுக்கு ஒரு நாளாவது, ஏழைக் குழந்தைகளுக்குக் கதவைத் திறந்துவிடுங்கள்.

இது தருமம் மட்டும் அல்ல. வியாபாரமும்தான். இன்று உள்ளே வரும் குழந்தை, முப்பது ஆண்டு கழித்துத் தன் குழந்தையோடு வரும். வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட குழந்தை ஒரு நாளும் வராது.

ஏமாந்து போகும் குழந்தைகளை நினைத்து ஒருவர் பூங்கா கட்டினார். மகள் கேட்டாள் என்று இன்னொருவர் கட்டினார். அவர்கள் கட்டியதைக் காப்பாற்றுவது, இனி அங்கே போகும் குடும்பங்களின் கையிலும், கட்டணம் வைப்பவர்களின் மனத்திலும் இருக்கிறது.