பத்தே முக்காலுக்குள் ஒரு பெயர்

போன வாரம் சாப்பாட்டு மேசையில் வகுப்புத் தோழன் ஒருவன் கேட்டான். "மேட்ச் முடிஞ்ச அடுத்த நிமிஷம் ஸ்கோர் போன்ல வந்துடுது. வீடியோவும் வந்துடுது. நீ எதுக்கு மழையில நனைஞ்சுகிட்டு ஒரு ஸ்கூல் மேட்சுக்காக ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உயிரை விடுற?"

அப்போது எனக்குப் பதில் வரவில்லை. (எனக்கு எல்லாப் பதிலும் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் தோன்றும்.) அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. நான் படிப்பது அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில். இரண்டு வருடமாக இங்கே ஓர் உள்ளூர்ப் பத்திரிகைக்குப் பள்ளி விளையாட்டுச் செய்தி எழுதித் தருகிறேன். மாதச் சம்பளம் கிடையாது, ஒரு செய்திக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள். பெட்ரோல் செலவு போக மிஞ்சுவதைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

இந்த ஊரில் வெள்ளிக்கிழமை ராத்திரி என்றால் உயர்நிலைப் பள்ளி ஃபுட்பால். நம்மூர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். சின்ன ஊர்களில் பாதி ஊரே மைதானத்தில்தான் இருக்கும். செப்டம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை, வெள்ளி ராத்திரிகளில் பள்ளி ஆட்டங்களுக்குப் போட்டியாகத் தொழில்முறை ஆட்டங்களை டிவியில் காட்டாமல் இருக்க 1961-இல் வந்த விளையாட்டு ஒளிபரப்புச் சட்டத்திலேயே வழி செய்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 2023-24 கல்வியாண்டில் இந்த ஒரு விளையாட்டில் மட்டும் 10 லட்சத்துக்கும் அதிகமான பள்ளி மாணவர்கள் ஆடியிருக்கிறார்கள். அதில் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகப்போகிறவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்குப் பள்ளியோடு ஆட்டம் முடிந்தது.

இப்போது கடிகாரத்தைப் பாருங்கள். ஆட்டம் 7 மணிக்கு ஆரம்பம். கால் பகுதிக்கு 12 நிமிடம், மொத்தம் நான்கு. ஆனால் கடிகாரம் நின்று நின்று ஓடுவதால் முடிய 9.30 ஆகும். மழை, காயம், கூடுதல் நேரம் என்று எது வந்தாலும் 10 மணி. பிறகு மைதானத்துக்குள் ஓடிப்போய்ப் பயிற்சியாளரிடமும் இரண்டு பையன்களிடமும் பேச வேண்டும். 10.45-க்குள் சுமார் 350 வார்த்தை ஆபீஸுக்குப் போய்ச் சேர வேண்டும். எங்கள் பத்திரிகை வெள்ளிக்கிழமை மட்டும்தான் அவ்வளவு நேரம் காத்திருக்கும். அமெரிக்காவில் நிறைய நாளிதழ்கள் சொந்த அச்சகத்தை மூடிவிட்டு வேறு ஊரில் அச்சடிப்பதால், ராத்திரி ஆட்டம் மறுநாள் பேப்பரில் வருவதே அபூர்வமாகிவிட்டது. அந்த வகையில் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

எழுதும் முறை ஒன்றும் ரகசியம் இல்லை. இடைவேளையில் நடுப்பகுதியை எழுதிவிட வேண்டும். கடைசிக் கால் பகுதி ஆரம்பிக்கும்போது முதல் பத்தியை இரண்டு விதமாகத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும், இந்த அணி ஜெயித்தால் ஒன்று, அந்த அணி ஜெயித்தால் ஒன்று. முடிந்ததும் தோற்றுப்போன பத்தியை அழித்துவிட்டுக் கோச் சொன்னதைச் சேர்த்து அனுப்ப வேண்டும். பெரிய ஆட்டங்களில் யார் எத்தனை கெஜம் ஓடினார் என்று கணக்கெடுத்துக் கொடுக்கத் தனி ஆள் உண்டு. இங்கே அந்த ஆளும் நான்தான். ஒரு கையில் அட்டை, ஒரு கையில் பென்சில் (மழையில் பேனா எழுதாது!), சட்டைப் பையில் ஆட்டக்காரர் பட்டியல்.

அந்தப் பட்டியலில்தான் வினையே. கிழிந்துபோன சட்டைக்குப் பதில் வேறு எண் போட்டு ஒரு பையன் இறங்குவான், பட்டியலில் அது இருக்காது. எழுத்துப் பிழையும் இருக்கும். என் முதல் வருடத்தில் ஒரு பையன் எதிரணி எறிந்த பந்தை நடுவில் பிடித்து நாற்பது கெஜம் ஓடினான். அந்த சீசனில் அவன் ஆடியதே அந்த ஒரு ஆட்டம்தான். பட்டியலைப் பார்த்து அவசரத்தில் பெயரைப் போட்டேன். அது அவன் எண்ணை முன்பு போட்டிருந்த வேறொரு பையனின் பெயர்.

மறுநாள் அவன் அம்மா ஆபீஸுக்கு போன் செய்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "சரியான பெயரோடு ஒரே ஒரு பிரதி அடித்துத் தர முடியுமா? அவனுடைய பாட்டிக்கு அனுப்பணும்" என்று கேட்டாராம். முடியாதே. அடுத்த இதழில் உள்பக்கத்தில் இரண்டு வரி திருத்தம் வந்தது. திருத்தத்தை யாரும் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவதில்லை.

இது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே வலித்தது. காரணம் என் சொந்தக் கதை. ஒன்பது வயதில் இந்த நாட்டுக்கு வந்தபோது, நம்மூர் வழக்கப்படி அப்பா பெயர் என் கடைசிப் பெயர் ஆனது. என் பெயரும் நீளம், அப்பா பெயரும் நீளம். பள்ளி விழாவில் மேடைக்குக் கூப்பிடும்போது ஒலிபெருக்கிக்காரர் மூச்சை இழுத்துவிட்டு ஏதோ சொல்வார், கூட்டம் சிரிக்கும், நானும் சேர்ந்து சிரிப்பேன். பெயர் தப்பாக வருவது எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் செய்தி முதன்முதலாக அச்சில் வந்த அன்று அப்பாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "எங்க காலத்துல எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் பேப்பர்ல வரும் கண்ணு. நம்பர்தான் வரும், பேரு வராது. ஆனாலும் அந்தப் பேப்பரை உங்க பாட்டி பெட்டிக்குள்ளயே வெச்சிருந்தாங்க." வெறும் நம்பருக்கே அந்த மரியாதை என்றால் பெயருக்கு?

இப்போது தோழன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இதையெல்லாம் மெஷினே எழுதிவிடாதா என்று அவன் அடுத்துக் கேட்பான், தெரியும். எழுதும். வாஷிங்டன் போஸ்ட் 2017-லேயே தன்னுடைய ஹீலியோகிராஃப் மென்பொருளை வைத்து அந்த வட்டாரப் பள்ளி ஃபுட்பால் ஆட்டங்களுக்குச் சிறு செய்திகள் போட்டது. 2023 ஆகஸ்டில் கேனட் நிறுவனத்தின் பத்திரிகைகள் சில லீட்ஏஐ என்ற கருவியை வைத்துப் பள்ளி விளையாட்டுச் செய்தி வெளியிட்டன. எங்கள் மாநிலத் தலைநகரின் கொலம்பஸ் டிஸ்பாட்சும் அதில் ஒன்று. அதில் வந்த ஒரு சாக்கர் செய்தியில், அணிகளின் செல்லப்பெயர் வர வேண்டிய இடத்தில் 'ஜெயித்த அணியின் செல்லப்பெயர்', 'தோற்ற அணியின் செல்லப்பெயர்' என்று நிரப்பாத கட்டங்கள் அப்படியே அச்சாகிவிட்டன. இணையமே சிரித்தது. அந்த மாதமே அந்தச் சோதனையை நிறுத்தி வைத்தார்கள்.

நானும்தான் சிரித்தேன். ஆனால் எனக்கு உறுத்தியது அந்தக் கட்டங்கள் இல்லை. கட்டங்கள் ஒழுங்காக நிரம்பியிருந்த மற்ற செய்திகளிலும் ஆட்டக்காரர் பெயர் இல்லை. ஸ்கோரைக் கொடுத்தால் ஸ்கோரை வாக்கியமாக்கித் தருகிறது. யார் ஓடினான், யார் விழுந்தான் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் மைதானத்தில் யாரும் இல்லை. ஸ்கோர் போனிலேயே வந்துவிடுகிறது என்று நண்பன் சொன்னது சரி. அதனால்தான் சொல்கிறேன், ஸ்கோரை மட்டும் சொல்லும் செய்தி மனிதன் எழுதினாலும் தேவையில்லை, மெஷின் எழுதினாலும் தேவையில்லை.

பெயரைப் போடுவது எப்போதும் இனிப்பான வேலை என்றும் சொல்லமாட்டேன். சென்ற அக்டோபரில் ஓர் ஆட்டம் 21-20 என்று முடிந்தது. தோற்ற அணிக்காகப் பந்தை உதைக்கும் பையன், வயது 16, கடைசி விநாடிகளில் அடித்தது கம்பத்துக்கு வலப்பக்கம் விலகிப் போனது. மணி 10.20. கை தானாகவே அவன் பெயரை முதல் வாக்கியத்தில் அடித்துவிட்டது. அவசரத்தில் முதலில் கிடைப்பது அதுதான், சுலபமாகவும் இருக்கும். நிமிர்ந்து பார்த்தேன். விளக்கை அணைக்க ஆரம்பித்திருந்தார்கள். அவன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் வேலி ஓரமாக நின்றுகொண்டிருந்தான்.

பெயரை எடுத்துவிட்டு அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் ஆபீஸிலிருந்து போன். "அடிச்சது யாரு?" நான் இழுத்தேன். "ஊரே பார்த்திருக்கு. நீ மறைச்சா அவன் செஞ்சது சொல்லக்கூடாத குற்றம்னு ஆயிடும்" என்றார் ஆசிரியர். அவர் சொன்னது சரிதான். ஆனால் முதல் வாக்கியத்தில் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டேன். அதே பையன் முன்னால் இரண்டு முறை சரியாக உதைத்து 6 புள்ளி எடுத்துத் தந்திருந்தான். நாலாவது பத்தியில் அந்த இரண்டையும் தவறிய ஒன்றையும் சேர்த்து எழுதினோம். முதல் பத்தியில் ஜெயித்த அணியின் கடைசி டச்டவுன். 10.44-க்குப் போய்ச் சேர்ந்தது.

என் கருத்து இவ்வளவுதான். இந்தச் செய்திகளுக்கு அழகான நடை தேவையில்லை. எல்லோரும் செய்திக்கு முதல் வரிதான் உயிர் என்கிறார்கள். பத்து நிமிடம்தான் இருக்கிறது என்றால், அந்தப் பத்து நிமிடத்தை முதல் வரியை மெருகேற்றச் செலவழிக்காமல் பெயர்களைச் சரிபார்க்கச் செலவழிக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் கோச்சிடம் "எப்படி உணர்கிறீர்கள்" என்று கேட்பதற்கு முன்னால் "இந்த எண் யாரு, எழுத்து எழுத்தாச் சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். இப்போது நான் அப்படித்தான் செய்கிறேன். சில கோச்சுகளுக்கு எரிச்சல் வருகிறது. வரட்டும்.

எதுக்கு உயிரை விடுறேன்னு கேட்டாய் அல்லவா நண்பா? ஸ்கோருக்காக இல்லை. இந்த வெள்ளிக்கிழமை வருகிறாயா, பட்டியலைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்படுகிறது. குடை கொண்டு வா.